பாவைக்குப் பின்னால் ஒரு விளக்கு

சில வருஷங்களுக்கு முன்னால் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் தோல்பாவைக் கண்காட்சி வைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவர், மேலே ட்யூப்லைட், சுவரில் வரிசையாக எட்டோ பத்தோ பாவைகள். ராமன், சீதை, அனுமன், பத்துத் தலை ராவணன், ஒரு மான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து என்னோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். சின்ன வயதில் பகவதி கோயில் மைதானத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு விடிய விடியக் கூத்துக் கேட்டவர். ஒவ்வொரு பாவையின் முன்னாலும் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பாவை வரை போய்விட்டு என் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பின்னால வெளக்கு வெச்சாத்தானுங்க தம்பி பாவை. இப்ப இது வெறுந் தோலு" என்றார்.

ஒரு கல்லூரிக்குள் கலைக்கூடம் எதற்கு, அதில் கண்காட்சியை எப்படி வைப்பது, வைத்த பிறகு ஊரை எப்படி உள்ளே கூப்பிடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஒரு அறையை ஒதுக்கி கேலரி ஆக்கலாமே என்று எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் யாராவது பேச்செடுத்தால், ஸ்பாட் லைட் எத்தனை, ஷோகேஸ் எத்தனை, திறந்துவைக்க யாரைக் கூப்பிடுவது என்ற கணக்கில்தான் பேச்சு நிற்கிறது. அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவர் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

கல்லூரி மியூசியம் என்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் 1683-இல் திறந்தது. மேல்தளத்தில் சேகரிப்பு, அதற்குக் கீழே பாடம் நடக்கும் கூடம், நிலவறையில் வேதியியல் ஆய்வுக்கூடம். பொருளைப் பார்ப்பதும் பாடம் கேட்பதும் சோதித்துப் பார்ப்பதும் ஒரே கட்டடத்துக்குள். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் மேலே ஏறிப் பார்க்கலாம். 1710-இல் ஜெர்மனியிலிருந்து ஊஃபன்பாக் என்ற அறிஞர் அங்கே போனார். அவர் போனது சந்தை நாள். நாட்டுப்புறத்து ஆண்களும் பெண்களும் கூட்டமாக மேலே ஏறி, அங்கும் இங்கும் ஓடி, எல்லாவற்றையும் கையால் பிடித்துப் பார்த்ததைக் கண்டு மனம் நொந்து தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவருக்கு அது வருத்தம். எனக்கு அதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. காய்கறி விற்க வந்த ஜனங்கள், கூடையை எங்கேயோ வைத்துவிட்டு, ஆறு பென்ஸ் கொடுத்து ஒரு பல்கலைக்கழகத்தின் மாடிப்படி ஏறியிருக்கிறார்கள். முன்னூறு வருஷத்துக்கு முன்னால்!

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் 1832-இல் தொடங்கியது. ஜான் டிரம்புல் என்ற ஓவியர் தன் படங்களைக் கல்லூரிக்குக் கொடுத்து, பதிலுக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலர் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் நடப்பது இன்னும் அருமை. அங்கே 1940-இல் எலன் ஜான்சன் என்பவர் தொடங்கிவைத்த வழக்கம் இது: மாணவர்கள் மியூசியத்திலிருந்து அசல் ஓவியத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு செமஸ்டர் முழுக்கத் தங்கள் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். வாடகை ஐந்து டாலர். பிக்காசோவின் வேலைகூட அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல படம் கிடைக்க வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே வாசலில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும்போதும், பரீட்சைக்குப் படிக்கும்போதும், காய்ச்சலில் கிடக்கும்போதும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்தக் கண்காட்சியும் தர முடியாத ஒரு பழக்கம் வந்துவிடும்.

நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் மியூசியம் 1937-இல் வந்தது. பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் பொதுமக்களுக்காகத் தொடங்கிய முதல் மியூசியம் இந்தியாவில் அதுதான். அவர்கள் கோயில் சிற்பங்களோடு நிற்கவில்லை. வங்காளத்துக் கிராமப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த காந்தா விரிப்புகளையும், ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போகிறவர்களின் படச்சுருள்களையும் தேடிச் சேர்த்தார்கள். சுற்றியிருக்கிற ஊர் எதை வைத்திருக்கிறதோ அதைக் கல்லூரி மதித்து எடுத்துப் பார்ப்பது என்ற வழி அங்கே திறந்தது. எங்கள் பக்கத்துக்குப் பொருந்துகிற வழியும் அதுதான்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து கேரளத்துப் பகவதி கோயில்களில் நடப்பது. ஆனால் அதில் பாடுவது கம்பராமாயணம். தமிழ்ப் பாட்டை மலையாள நாக்கில் பாடி, பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, இரண்டும் கலந்த பேச்சில் விரித்துப் பொருள் சொல்கிறார்கள். கூத்துக்காரரைப் 'புலவர்' என்றே அழைக்கிறார்கள். கூத்துக்கென்றே கோயிலுக்கு எதிரே நிரந்தரமான ஒரு கட்டடம் உண்டு, பெயர் கூத்துமாடம். அதன் முகத்தில் நீளமாகத் திரை கட்டுவார்கள், மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. திரைக்குப் பின்னால் ஒரே வரிசையில் 21 விளக்குகள். பாதித் தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரியும் விளக்குகள். தோலில் பொட்டுப் பொட்டாகத் துளைத்த ஓட்டைகள் வழியே அந்த வெளிச்சம் வரும்போதுதான் ராவணனின் கிரீடமும் சீதையின் சேலைக் கரையும் தெரியும். காற்றில் சுடர் ஆடினால் பாவை மூச்சு விடுவது மாதிரி இருக்கும்.

இது யாருக்காக நடக்கிறது என்பது இன்னொரு விசேஷம். பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டதாம். அந்தக் குறை தீரத்தான் அவள் முன்னால் ஒவ்வொரு வருஷமும் யுத்தத்தை நடத்திக் காட்டுகிறார்கள். 7 ராத்திரி, 14, 21, சில இடங்களில் 71 வரை. மைதானத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் புலவர்கள் விடியும்வரை பாடுகிற நாட்களும் உண்டு. பகவதி கேட்கிறாள், அது போதும்.

அப்படிப்பட்ட ஒன்றைக் கல்லூரி ஹாலுக்குள் கொண்டுவரும்போது என்ன மாறுகிறது? சாமிக்காக நடந்தது மனிதர்களுக்காக ஆகிறது. ராத்திரி பகலாகிறது. பாட்டு அட்டையில் எழுதிய இரண்டு வரியாகிறது. கேட்க வந்தவர் பார்க்க வந்தவர் ஆகிறார். இவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று முடிவு எடுப்பதைத்தான் கண்காட்சி அமைப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கல்லூரியில் அந்த முடிவை யாரும் எடுக்கவில்லை. பாவை வந்தது, ஆணி அடித்தார்கள், மாட்டினார்கள்.

வெளிச்சத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாயம் ஏற்றிய தோல், துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது மியூசியக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியம் 200 வரை தாங்கும். சாதாரண வகுப்பறையில் 300 லக்ஸ் இருக்கும். ஜன்னல் வழியே நேர் வெயில் விழுந்தால் அது பல ஆயிரம். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்ப வராது. இன்றைக்குப் பட்டது, நாளைக்குப் பட்டது எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பெரிய மியூசியங்களில் காகித ஓவியங்களை மூன்று நான்கு மாதம் காட்டிவிட்டு, வருஷக்கணக்கில் இருட்டில் ஓய்வெடுக்க வைக்கிறார்கள். 'எப்போதும் மாட்டியே இருக்கட்டும்' என்று நாம் அன்போடு நினைப்பது அந்தப் பொருளுக்குக் கெடுதலாக முடியும்.

பாலக்காட்டுக் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வறண்ட கீழ்க்காற்று சுற்றிச் சுற்றி அடிக்கும். உதடு வெடிக்கும், தோலும் சுருளும். ஆனியில் மழை பிடித்தால் பெட்டிக்குள் பூஞ்சை. ஏ.சி. போட முடியாத அறை என்றால் பரவாயில்லை, ஏ.சி.யைப் பகலில் போட்டு ராத்திரி அணைப்பதைவிட அது மேல். திடீர் திடீரென்று மாறும் ஈரப்பதம்தான் தோலுக்கும் மரத்துக்கும் முதல் எதிரி. வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுவது, ஜன்னலுக்குக் கனமான திரை போடுவது, பாவையை மடக்காமல் அமிலமில்லாத காகிதம் வைத்துப் படுக்கையாக வைப்பது, வாரத்துக்கு ஒரு முறை யாராவது பெட்டியைத் திறந்து பார்ப்பது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. ஒரு ஆளின் பொறுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது விளக்க அட்டை. அன்றைக்கு அங்கே ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அட்டை இருந்தது. 'அனுமன், தோல், இயற்கைச் சாயம்' என்ற அளவில். கம்பன் பெயர் எங்கேயும் இல்லை. பாட்டு தமிழ் என்ற செய்தியும் இல்லை. நான் இதை ஒரு குறையாகச் சொல்வது மொழிச் சண்டைக்காக இல்லை. எங்கள் பக்கத்துச் சித்தூர்ப் பகுதி (ஆந்திராவின் சித்தூர் இல்லை) பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பக்கத்திலேயே பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபாரில் இருந்தது. 1956-இல் இரண்டும் ஒரே கேரளத்துக்குள் வந்தன. கோடு மாறிக்கொண்டே இருந்தது, ஜனங்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். இன்றும் இங்கே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. பேருந்துப் பலகையைத் தமிழில் தேடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாவை மூலம் சொல்ல ஒரு பெரிய செய்தி இருந்தது: உங்கள் பாட்டைத்தான் இந்தக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக மலையாளிகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மலையாளப் பிள்ளைக்கும் அதே அளவு பெரிய செய்தி. இரண்டு பேருமே அதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே போனார்கள்.

அட்டை நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஐம்பது அறுபது சொல் போதும்; நின்றுகொண்டு யாரும் அதற்கு மேல் படிப்பதில்லை. ஆனால் அந்த அறுபது சொல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 'இது அனுமன்' என்பது வாலைப் பார்த்தாலே தெரிகிறது. முன்பு மான் தோலில் செய்தார்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்த பிறகு ஆட்டுத் தோல் போன்றவற்றுக்கு மாறினார்கள் என்பது பார்த்தால் தெரியாது. அதைச் சொன்னால், பழைய பாவை எது, புதியது எது என்று பிள்ளைகள் தாங்களே குனிந்து தேட ஆரம்பிப்பார்கள்.

இங்கே ஒரு ஓவியரைச் சொல்லத் தோன்றுகிறது. கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அறுபதுகளில் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் பரப்பு முழுக்க எழுத்து மாதிரி கோடுகள் ஓடும். மலையாளம் போல இருக்கும், வாய்விட்டுப் படிக்கப் போனால் வராது. நடுவே ஜாதகக் கட்டம் போல ஒன்று. திருவனந்தபுரத்தில் மியூசிய வளாகத்திலேயே அவர் படங்களுக்கு ஒரு கூடம் இருக்கிறது. எல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அந்தப் படத்தின் ஒரு நல்ல அச்சுப் பிரதியையாவது மாட்டி, தமிழ்ப் பிள்ளையையும் மலையாளப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இரண்டு பேருக்கும் படிக்க வராத எழுத்து. அதன் முன்னால் இருவரும் சமம்.

சரி, இனி மக்களுக்கான நிகழ்ச்சிகள். கண்காட்சி திறந்த அன்று விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, டீ கொடுத்து முடித்துவிட்டால் மறுநாளிலிருந்து அறை காலியாகக் கிடக்கும். திறப்புவிழாவை நிகழ்ச்சி என்று கணக்கில் எடுக்கவே கூடாது. பிறகு வருகிற ஒவ்வொரு வாரமும் யாரைக் கூப்பிடுகிறோம், வந்தவர் அங்கே என்ன செய்கிறார் என்பதுதான் நிகழ்ச்சி.

படம் பார்க்கச் சொல்லித்தருவதற்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற எளிய முறை ஒன்று உண்டு. மூன்றே கேள்வி. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இருவர் உருவாக்கியது. சொல்லித்தருகிறவர் பதில் சொல்லவே மாட்டார். பிள்ளைகள் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, படத்தில் அந்த இடத்தை விரலால் காட்டுவார். வாத்தியார் வேலை பார்க்கிற எனக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. ஆனால் இரண்டாவது கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. 'சோகமாக இருக்கா' என்று சொன்ன பிள்ளை, எதை வைத்து என்று கேட்டவுடன் மறுபடியும் படத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. யேலில் முதலாண்டு மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன்னால் வைத்துக் கூர்ந்து பார்க்கப் பழக்கினார்கள். அதற்குப் பிறகு நோயாளியின் உடம்பில் தெரியும் அறிகுறிகளை அவர்கள் கூடுதலாகக் கவனித்தார்கள் என்று 2001-இல் ஒரு ஆய்வாகவே வெளியிட்டார்கள். கலைக்கூடம் ஓவியம் படிக்கிற நாலு பேருக்கு மட்டும் என்று நினைக்கிற நிர்வாகத்திடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். நர்சிங் படிக்கிற பெண்ணுக்கும் தாவரவியல் படிக்கிற பையனுக்கும் அது வகுப்பறை.

ஊரைக் கூப்பிடுவதில் நேரம் பெரிய விஷயம். காலை பத்து முதல் மாலை நாலு என்று போட்டால் வயலுக்கும் தோப்புக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர் எப்போது வருவார்? அந்த நேரம் கல்லூரிக்குச் சௌகரியம், ஊருக்கு இல்லை. வாரத்தில் ஒரு நாள் ராத்திரி எட்டு வரை திறந்துவைத்தால் போதும், வேறு முகங்கள் வரும். கேட்டில் வாட்ச்மேன் 'எங்கே போறீங்க' என்று கேட்கிற தொனி இன்னொன்று. படிக்காத ஒருவருக்குக் கல்லூரி கேட்டைத் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது உள்ளேயே இருக்கிற நமக்கு மறந்துபோகிறது.

கொச்சியில் 2012 டிசம்பர் 12-இல் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி தொடங்கியபோது, பழைய கிடங்குகளும் பண்டகசாலைகளும் காட்சிக்கூடமாக ஆயின. ஆட்டோ ஓட்டுகிறவரும் மீன் வாங்க வந்தவரும் உள்ளே நடந்து போனார்கள். 2014-இலிருந்து கலைக் கல்லூரி மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பியனாலேயும் அதோடு சேர்ந்து நடக்கிறது. நான் மாணவர்களை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பி வரும் ரயிலில் அவர்கள் பேசியது பெரும்பாலும் அந்தக் கட்டடங்களைப் பற்றித்தான்: காரை பெயர்ந்த சுவர், மிளகு வாசம், ஜன்னலுக்கு வெளியே போகிற படகு. வெள்ளைச் சுவர் இல்லாமலே கண்காட்சி வைக்கலாம் என்பதை அவர்கள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலை இல்லையா, பழைய ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம் இல்லையா?

மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்து முடித்த யக்ஷி சிலை நிற்கிறது. சென்னையில் கலை படித்தவர் அவர். வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஆடை இல்லாமல், மலைபோல உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைச் செய்தபோது எதிர்ப்பு வந்தது, அவர் நிறுத்தவில்லை. பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் அணை பார்க்க வருகிற தமிழ்க் குடும்பங்கள் அவள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரி மாணவி அங்கே நின்று, தமிழில் அந்த மூன்று கேள்வியை மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்! கூரை இல்லை, டிக்கெட் கவுன்டர் நாம் வைக்க வேண்டியதில்லை, கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

தோல்பாவை அறைக்குத் திரும்பி வருகிறேன். பெரியவர் அப்படிச் சொன்னபோது வாசலில் நின்றிருந்த மாணவிக்கு அது காதில் விழுந்துவிட்டது. மலையாளப் பெண், தமிழ் அரைகுறையாகப் புரியும். பக்கத்தில் வந்து, "அப்பூப்பா, எப்படி வெக்கணும்?" என்று கேட்டாள். அவர் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து என்னிடமும் இன்னொரு பையனிடமும் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அவள் பொறுப்பாசிரியரிடம் ஓடிப்போய்க் கேட்டு, ஒரு பாவையை மட்டும் இறக்கிவந்தாள். ட்யூப்லைட்டை அணைத்தார்கள். பெரியவர் பாவையின் கழியைப் பிடித்துத் துண்டோடு ஒட்டவைக்க, அவள் பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்தாள். கும்பகர்ணன். துளை துளையாக வெளிச்சம் வந்து மீசையும் காதுக் குண்டலமும் துண்டில் விழுந்தன. பெரியவர் பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் சொல் மறந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார். ஹாலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, இருட்டில் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் தன் போனில் குரலைப் பதிவு செய்தாள்.

பழைய பாவையை இப்படிக் கையில் எடுத்து ஆட்டலாமா என்று மியூசியம் படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். அசலைப் படுக்கையாகப் பெட்டியில் வைத்து, ஆட்டிக் காட்ட ஒரு புதிய பாவையைப் புலவர் குடும்பங்களிடமே கூலி கொடுத்துச் செய்து வாங்குவது சரியான வழி. அவர்களுக்கும் வேலை, பிள்ளைகளுக்கும் தொட்டுப் பார்க்க ஒன்று. அந்தப் பெண் பதிவு செய்த குரலை யார் பாடியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி, அவர் சம்மதத்தையும் வாங்கி, பாவையோடு சேர்த்துப் பதிவேட்டில் வைக்க வேண்டும். பாட்டில் அவர் மறந்த இடத்தையும் வெட்டாமல் வைக்க வேண்டும். அந்தப் பாவையைப் பற்றி அந்தக் கல்லூரியிடம் இருக்கிற விவரங்களிலேயே மதிப்புள்ளது அதுதான்.

கூத்துக் காலம் ஜனவரியில் தொடங்கி மே வரை போகும். கல்லூரி செமஸ்டரும் அப்போது நடந்துகொண்டிருக்கும். கண்காட்சி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி கூத்துமாடத்துக்குப் போய் உட்காருங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மணிக்கு மேல் குளிரும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும். புலவரிடம் கேட்டுக்கொண்டால் திரைக்குப் பின்னாலும் ரெண்டு ரெண்டு பேராக விடுவார்கள். அங்கே விளக்கின் சூட்டையும், புகையையும், கழியைப் பிடித்த கையையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஹாலில் எங்கே என்ன மாட்டுவது என்று பேசட்டும்.